துத்தநாகம் (மனித ஊட்டச்சத்து)

துத்தநாகம் மனித உடலுக்கு இன்றியமையாத நுண்தாதுக்களுள் ஒன்று. மருந்துக்கடையிலும் அங்கன்வாடியிலும் இதற்கு வழங்கும் பெயர் ‘சிங்க்’. வளர்ந்த ஒருவரின் உடலில் மொத்தமாகச் சுமார் 2 கிராம் இருக்கும். அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு தசையிலும் 30 விழுக்காடு எலும்பிலும் தங்கியிருக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியில் ஓடுவது ஆயிரத்தில் ஒரு பங்குதான். இரும்பைக் கல்லீரல் சேர்த்து வைத்துக்கொள்கிறது. துத்தநாகத்துக்கு அப்படி ஒரு சேமிப்பிடம் இல்லை. அன்றாடம் உணவோடு வந்தாக வேண்டும். செல்கள் பிரிவது, குழந்தை வளர்வது, பருவமடைவது, புண் ஆறுவது, குடலின் உட்சுவர் தேய்ந்து தேய்ந்து புதுப்பிக்கப்படுவது, நாக்கு சுவை அறிவது, தொற்றை எதிர்ப்பது எல்லாவற்றுக்கும் இது வேண்டும்.

இவ்வளவு வேலை செய்யும் ஒரு தாது மனிதருக்குக் குறையக்கூடும் என்ற எண்ணம் 1961 வரை மருத்துவ நூல்களில் ஏறக்குறைய இல்லை. எல்லாத் தானியத்திலும் பருப்பிலும் இறைச்சியிலும் அது இருக்கிறது, எனவே யாருக்கும் குறையாது என்று நம்பியிருந்தார்கள். உணவில் இருப்பது வேறு, அந்த உணவிலிருந்து உடலுக்குக் கிடைப்பது வேறு என்பதே துத்தநாகத்தின் வரலாறு முழுவதும் திரும்பத் திரும்ப வெளிப்படும் உண்மை.

பூஞ்சை முதல் பன்றி வரை

1869இல் பிரான்சில் லூயி பாஸ்டரின் மாணவர் ஜூல் ரோலன், அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சையை வளர்த்தபோது, ஊட்டக் கரைசலில் துத்தநாகம் இல்லாவிட்டால் அது சரியாக வளர்வதில்லை என்று கண்டார். ஓர் உயிருக்கு இந்த உலோகம் தேவை என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. செடிகளுக்கும் தேவை என்று 1926இல் கலிபோர்னியாவில் அன்னா சோமரும் சார்லஸ் லிப்மனும் நிறுவினர். 1934இல் விஸ்கான்சினில் டாட், எல்வெஜெம், ஹார்ட் மூவரும் எலிகளில் காட்டினர். அந்தச் சோதனைக்குத் துத்தநாகமே இல்லாத தீவனம் தயாரிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அந்தக் கடினமே, மனிதருக்கு இக்குறை வரவே வராது என்ற நம்பிக்கைக்கு வலுச்சேர்த்தது.

1940ஐ ஒட்டி கேம்பிரிட்ஜில் கெய்லினும் மானும், இரத்தச் சிவப்பணுக்களில் கரியமில வாயுவைக் கையாளும் கார்போனிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியின் மையத்தில் துத்தநாகம் இருப்பதைக் கண்டறிந்தனர். 1955இல் அமெரிக்காவின் அலபாமாவில் டக்கர், சால்மன் இருவரும் பண்ணைப் பன்றிகளின் தோல் தடித்துப் பொருக்கு வெடிக்கும் நோயைத் துத்தநாகம் கொடுத்துக் குணப்படுத்தினர். அந்தப் பன்றிகள் ஆய்வகத் தீவனத்தையன்று, வழக்கமான தானியத் தீவனத்தைத் தின்றவை. தீவனத்தில் துத்தநாகம் இருந்தும் விலங்குக்குக் குறை வந்தது. அடுத்த கேள்வி மனிதரைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டும். அது எழுந்தது ஈரானில்.

ஷிராஸ்

பீகாரின் பக்சாரில் 1928இல் பிறந்த ஆனந்த பிரசாத், பாட்னாவில் மருத்துவம் படித்து, அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆய்வுப் பயிற்சி முடித்து, 1958இல் ஈரானின் ஷிராஸ் நகருக்குப் பணியாற்றச் சென்றார். அங்கே அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹால்ஸ்டெட் அவருக்கு ஒரு நோயாளியைக் காட்டினார். வயது 21. பார்த்தால் பத்து வயதுப் பையன். மீசை அரும்பவில்லை, பருவமடைந்த அடையாளம் எதுவுமில்லை. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன. தோல் வறண்டு சொரசொரத்தது. இரத்தசோகை கடுமையாக இருந்தது. கேட்டதற்கு மந்தமாகவே பதில் வந்தது. கிராமத்தில் அவர் உண்டது பெரும்பாலும் புளிக்க வைக்காத முழுக்கோதுமை ரொட்டி. இறைச்சி அரிது. அதோடு நாள்தோறும் மண்ணும் தின்று வந்தார்.

அவர் ஒருவர் மட்டும் அல்லர். சில மாதங்களில் அதே தோற்றத்தோடு மேலும் பத்துப்பேர் வந்தனர். வளர்ச்சியையும் பருவமடைதலையும் இயக்கும் பிட்யூட்டரி சுரப்பி இத்தனை பேருக்கும் ஒரேயடியாகக் கெட்டிருக்க முடியாது. இரும்புச்சத்துக் குறை இரத்தசோகையை விளக்கியது. பருவமடையாமல் நின்றதை விளக்கவில்லை. இரும்பு கொடுத்து நல்ல சாப்பாடும் போட்டபோது அவர்களின் இரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியின் அளவு ஏறியது. அந்த நொதிக்குத் துத்தநாகம் தேவை என்பது பிரசாத்துக்குத் தெரியும். வளர்ச்சி குன்றிய எலிகளையும் தோல் தடித்த பன்றிகளையும் பற்றி அவர் படித்திருந்தார். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, இரும்போடு துத்தநாகமும் குறைந்திருக்கலாம் என்று 1961இல் எழுதினார். கையில் நேரடிச் சான்று இல்லை. ஷிராஸில் துத்தநாகத்தை அளக்கும் வசதியும் இல்லை. கவனமாகப் பார்ப்பதும் பொறுமையாகச் சிந்திப்பதும் மட்டுமே கருவிகளாக இருந்த அந்தக் கட்டுரை, ஊட்டச்சத்து வரலாற்றின் மிகச்சிறந்த ஊகங்களுள் ஒன்று.

சான்று எகிப்தில் கிடைத்தது. கெய்ரோவிலிருந்த அமெரிக்கக் கடற்படை மருத்துவ ஆய்வுப் பிரிவில் பிரசாத்தும் ஹரால்ட் சான்ட்ஸ்டெட் முதலிய உடன்பணியாளர்களும், அதேபோல் வளர்ச்சி நின்ற கிராமத்து இளைஞர்களை ஆராய்ந்தனர். இங்கு மண் தின்னும் வழக்கம் இல்லை. கொக்கிப்புழுவும் நத்தைவழி பரவும் ஒட்டுண்ணி நோயும் குருதியைக் குடித்து வந்தன. இரத்தநீர், தலைமுடி, சிவப்பணு, வியர்வை எல்லாவற்றிலும் துத்தநாகம் குறைந்திருந்ததைக் கதிரியக்கத் தடமறிதலோடு சேர்த்து உறுதிசெய்து 1963இல் வெளியிட்டனர். துத்தநாக மருந்து தந்தபோது இளைஞர்கள் ஓராண்டில் 12 செ.மீ.க்கும் மேல் உயர்ந்தனர். சில மாதங்களில் பருவமாற்றங்கள் தோன்றின. இரும்போ புரதமோ மட்டும் தந்தவர்களிடம் அந்த வேகம் இல்லை.

எதிர்ப்பு எளிதில் ஓயவில்லை. நல்ல உணவே போதுமே, துத்தநாகம் தனியாக என்ன செய்தது என்று கேட்டவர்களுக்கு, ஈரானில் ராணுவத்துக்குத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்களையும் இரண்டு பெண்களையும் கொண்டு ஹால்ஸ்டெட், ரோனாகி குழுவினர் நடத்தி 1972இல் வெளியிட்ட ஆய்வு விடை தந்தது. நல்ல உணவு மட்டும் உண்டவர்களைவிடத் துத்தநாகமும் பெற்றவர்கள் வெகு விரைவில் வளர்ந்து பருவமடைந்தனர். இக்குறை ஆண்களுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் அந்த இரு பெண்கள் உணர்த்தினர். 1974இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழுமம் துத்தநாகத்தை மனிதருக்கு இன்றியமையாதது என அறிவித்து, நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் என்று அளவும் குறித்தது.

தானியத்தின் பூட்டு

ஷிராஸ் இளைஞர்கள் தின்ற முழுக்கோதுமை ரொட்டியில் துத்தநாகம் குறைவில்லை. அதைப் பிடித்து வைத்திருந்தது பைட்டேட். விதை முளைக்கும்போது வேண்டிய பாஸ்பரசைச் செடி தவிட்டிலும் பருப்பிலும் இந்த வடிவில் சேர்த்து வைக்கிறது. ஆறு பாஸ்பேட் கொத்துகள் கொண்ட இந்தச் சேர்மம், குடலில் துத்தநாகத்தையும் இரும்பையும் சுண்ணாம்புச்சத்தையும் பற்றிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. அதை உடைக்கப் போதிய நொதி மனிதக் குடலில் இல்லை. பைட்டேட் துத்தநாகத்தைத் தடுப்பதை 1960இல் ஓ’டெல், சாவேஜ் இருவரும் கோழிக்குஞ்சுகளில் காட்டினர். 1970களில் ஷிராஸிலேயே ஜான் ரைன்ஹோல்ட், கிராமத்துத் தட்டை ரொட்டியில் பைட்டேட் மிகுந்திருப்பதை அளந்து காட்டினார். ஈஸ்ட் சேர்த்து மாவைப் பொங்கவிட்டால் அதில் கணிசமான பங்கு சிதைந்துவிடுகிறது.

ஊறவைப்பது, முளைகட்டுவது, புளிக்கவிடுவது ஆகியவையும் இதையே செய்கின்றன. இரவெல்லாம் புளித்த இட்லி மாவிலும், முளைகட்டிய கேழ்வரகிலும், பயறிலும் விதையின் சொந்த நொதியோ நுண்ணுயிர்களின் நொதியோ பைட்டேட்டைக் குறைக்கிறது. இப்படிச் செய்தால் துத்தநாகத்தின் மொத்த அளவு ஏறாது. உடலுக்குக் கிட்டும் பங்குதான் ஏறும். சிப்பி, இறைச்சி, ஈரல் ஆகியவற்றில் இந்தத் தடையே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் ஆண்களுக்கு 17, பெண்களுக்குச் சுமார் 13 மில்லிகிராம் எனப் பரிந்துரைத்தன. இன்றைய அமெரிக்க அளவு 11, 8. தானியமும் பருப்பும் மிகுந்த இந்திய உணவிலிருந்து குறைவாகவே உறிஞ்சப்படுகிறது என்பதே இந்த வேறுபாட்டின் அடிப்படை.

தாய்ப்பால் மறந்த குழந்தைகள்

பிறவிக் குறைபாடு ஒன்று வேறொரு வழியில் அதே உண்மைக்கு இட்டுச் சென்றது. தாய்ப்பால் நிறுத்தியதும் சில குழந்தைகளுக்கு வாயைச் சுற்றியும் கை கால் விரல்களிலும் ஆசனவாயைச் சுற்றியும் புண் படர்ந்து, முடி கொட்டி, வயிற்றுப்போக்கு நிற்காமல் தொடரும். நார்வேயில் டான்போல்ட், குளோஸ் இருவரும் 1942இல் இதைத் தனி நோயாக விவரித்தனர். காரணம் தெரியாமலே முப்பது ஆண்டுகள் போயின, குழந்தைகள் இறந்துகொண்டிருந்தனர். 1973இல் லண்டன் குழந்தைகள் மருத்துவமனையின் எட்மண்ட் மொய்னஹான், செயற்கை உணவில் வைத்திருந்த ஒரு சிறுமியின் இரத்தத்தில் துத்தநாகம் மிகக் குறைந்திருப்பதைக் கண்டு அதைக் கொடுத்தார். புண்கள் ஆறின. சிறிதளவு துத்தநாக உப்பு ஒரு நோயின் முடிவையே மாற்றியது. குடல் செல்லுக்குள் துத்தநாகத்தை எடுத்துச்செல்லும் புரதத்தின் மரபணு பழுதானதே காரணம் என்பது 2002இல் தெரியவந்தது. சிரைவழி உணவிலேயே நாட்கணக்கில் வைக்கப்பட்ட அறுவை நோயாளிகளுக்கும் இதே புண்கள் வந்ததை 1975இல் நியூசிலாந்து மருத்துவர்கள் எழுதினர். அந்த உணவுக் கரைசல்களில் துத்தநாகம் சேர்க்கப்படாமல் இருந்தது.

ஓர் உலோகம் ஏன் இத்தனை உறுப்புகளைத் தொடுகிறது என்பதற்கு 1985இல் கேம்பிரிட்ஜில் ஆரன் குளூக் குழுவினர் விளக்கம் தந்தனர். மரபணுக்களை இயக்கும் ஒரு தவளைப் புரதத்தில், துத்தநாக அணுவைச் சுற்றி மடிந்த விரல் போன்ற அமைப்புகளை அவர்கள் இனங்கண்டனர். மனிதப் புரதங்களில் பத்தில் ஒரு பங்கு துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்பவை என்று இன்று கணிக்கப்படுகிறது.

வயிற்றுப்போக்கும் சிங்க் மாத்திரையும்

துத்தநாகம் ஏழைகளின் வீட்டு வாசலை எட்டியது வயிற்றுப்போக்குச் சிகிச்சை வழியாக. ஒவ்வொரு பேதியிலும் குழந்தை இந்தத் தாதுவை இழக்கிறது. இழந்தபின் குடல் சுவர் ஆறத் தாமதமாகிறது. ஆறாத குடல் அடுத்த தொற்றுக்கு இடம் கொடுக்கிறது. டெல்லியில் 6 முதல் 35 மாத வயதுள்ள 937 குழந்தைகளிடம் சுனில் சசாவல், எம்.கே. பான், ராபர்ட் பிளாக் முதலியோர் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 20 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு நோய் நீடிக்கும் வாய்ப்பு 23 விழுக்காடு குறைந்தது. பல நாடுகளின் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, 2004இல் உலக சுகாதார அமைப்பும் யுனிசெப்பும் ஓ.ஆர்.எஸ். கரைசலோடு 10 முதல் 14 நாள்வரை துத்தநாகம் தரச் சொல்லின: ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10. பேதி நின்ற பிறகும் மாத்திரையை முழு நாட்களும் கொடுக்க வேண்டும் என்பதைத் தாய்மார்களுக்குச் சொல்வதே இதில் கடினமான பகுதி. 2019இல் ஓ.ஆர்.எஸ்.ஸும் துத்தநாகமும் ஒரே பொட்டலமாக உலக சுகாதார அமைப்பின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்ந்தன.

இந்தியாவில் 2014இல் தொடங்கிய வயிற்றுப்போக்குத் தடுப்பு இருவார முகாம்களில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் சிங்க் மாத்திரையும் வழங்கப்பட்டன. ஆயினும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், பேதி கண்ட குழந்தைகளுள் ஓ.ஆர்.எஸ். பெற்றவர்கள் 60 விழுக்காட்டினர். துத்தநாகம் பெற்றவர்கள் 30 விழுக்காட்டினரே. மலிவான, பயன் நிறுவப்பட்ட ஒரு மருந்துக்கு இது மிகக் குறைவு. 2016–18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 19 விழுக்காட்டினருக்கும் வளரிளம் பருவத்தினரில் 32 விழுக்காட்டினருக்கும் துத்தநாகக் குறை இருந்தது.

இந்த எண்களையும் நிதானத்தோடு படிக்க வேண்டும். காய்ச்சலோ தொற்றோ வந்தால் துத்தநாகம் இரத்தத்தை விட்டுக் கல்லீரலுக்கு நகர்கிறது; காலை உணவுக்கு முன்னும் பின்னும் அளவு மாறுகிறது. ஒரு நபரின் குறையை உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இன்றும் இல்லை. மக்கள் தொகுதியின் நிலையை மதிப்பிடவே இரத்த அளவு உதவும்.

வயலில்

மண்ணிலும் துத்தநாகம் குறைகிறது. உத்தரப் பிரதேசத்தின் தெராய்ப் பகுதியில் நெற்பயிரின் இலைகள் துருநிறமாகிக் கருகிய ‘கைரா’ நோய்க்குத் துத்தநாகக் குறையே காரணம் என 1960களில் பந்த்நகரில் ஒய்.எல். நேனே கண்டறிந்தார். தமிழ்நாட்டில் நடவுக்கு முன் ஹெக்டேருக்கு 25 கிலோ சிங்க் சல்பேட் இடும் பரிந்துரை உழவர்கள் நன்கறிந்தது. அது விளைச்சலைக் காக்கிறது. அரிசியைத் துத்தநாகத்தால் வளப்படுத்துவது தனி முயற்சி. 2013இல் வங்கதேசம் துத்தநாகம் மிகுந்த நெல் ரகத்தை வெளியிட்டது, ஐதராபாத்திலிருந்து டி.ஆர்.ஆர். தான் 45 என்ற ரகம் 2016இல் வந்தது.

மிகை

அளவு மிஞ்சினால் துத்தநாகம் தாமிரத்தைத் தடுக்கும். குடல் செல்களில் அது தூண்டும் மெட்டலோதயோனின் என்ற புரதம் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, செல் உதிரும்போது வெளியேற்றிவிடுகிறது. அரிவாள்செல் சோகைக்கு அதிகத் துத்தநாகம் தந்த நோயாளிகளிடம் தாமிரக் குறையை 1978இல் பதிவு செய்தவர்கள் பிரசாத்தும் ஜார்ஜ் புரூவரும்தான். அதே தீங்கை மருந்தாக்கி, உடலில் தாமிரம் தேங்கும் வில்சன் நோய்க்குப் பயன்படுத்தினர். துத்தநாக அசிட்டேட்டுக்கு அமெரிக்க ஒப்புதல் 1997இல் கிடைத்தது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராமே அமெரிக்கா விதித்துள்ள உச்சவரம்பு. மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் அதிக அளவு மாத்திரை விழுங்குவோருக்கு இரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரலாம்.

குழந்தைகளுக்கான அளவும் மறுபரிசீலனைக்கு உள்ளாகியிருக்கிறது. இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் நடந்து 2020இல் வெளிவந்த ஆய்வில், 5 அல்லது 10 மில்லிகிராமும் வயிற்றுப்போக்கில் 20 மில்லிகிராமுக்குக் குறையாத பயன் தந்தது. மாத்திரை கொடுத்ததும் வாந்தியெடுத்த குழந்தைகளின் எண்ணிக்கை அந்தக் குறைந்த அளவுகளில் கணிசமாகக் குறைந்தது.