பழைய வாட்ச் வாங்கலாமா? 'அசல்', 'ரீடயல்', 'ஃபர்ஸ்ட் காப்பி' - வேறுபாடு என்ன?

வீட்டு பீரோவில் தாத்தா கட்டிய எச்எம்டி வாட்ச் ஒன்று நின்றுபோய்க் கிடக்கலாம். அல்லது 'வின்டேஜ், ஒரிஜினல், ஓடும் நிலையில்' என்ற அறிவிப்புடன் பளபளக்கும் சுவிஸ் வாட்ச் ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்கு உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். முதலாவதை ரிப்பேருக்குக் கொடுக்கலாமா, இரண்டாவதை வாங்கலாமா?

இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பழைய வாட்ச் ஒன்றைப் பழுது பார்ப்பது வேறு, மாற்றி அமைப்பது வேறு, போலியாகச் செய்வது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் அதன் விலையும் ஆயுளும், சில நேரங்களில் அதை விற்பது குற்றமா இல்லையா என்பதும்கூட, இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

இந்தியாவில் இத்தனை பழைய வாட்ச்கள் எப்படி வந்தன?

ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற சுவிஸ் பெயர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே பம்பாய்க்கு வந்துவிட்டன. ரோமர், டைட்டோனி, கேமி போன்றவையும் பிற்பாடு இந்தியக் கைகளில் ஏறின. இறக்குமதியை நம்பியிருந்த இந்த நிலையை மாற்றியது பொதுத்துறை நிறுவனமான எச்எம்டி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1961இல் பெங்களூருவில் அது வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது. முதல் வாட்ச்களை வெளியிட்டவர் பிரதமர் நேரு. பின்னர் ஸ்ரீநகர், தும்கூர், உத்தராகண்டின் ராணிபாக் என ஆலைகள் விரிந்தன.

ஜனதா, பைலட், கோஹினூர், சோனா என்ற பெயர்கள் ஒரு தலைமுறைக்கு மனப்பாடம். கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும், வேலையிலிருந்து ஓய்வு பெறுபவருக்கும் எச்எம்டி வாட்ச் கொடுப்பது வழக்கமாகவே இருந்தது.

இதற்கிடையே 1969 டிசம்பரில் ஜப்பானின் சீகோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் ஊரில் 'செல் வாட்ச்' என்கிறோமே, அதுதான். தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்களைச் சந்தையில் நிரப்பியது. எச்எம்டியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 2016 ஜனவரியில் எச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

மூடப்படும் செய்தி பரவியதும்தான் பலருக்கு அந்த வாட்ச்சின் அருமை தெரிந்தது. பீரோவில் கிடந்தவை வெளியே வந்தன. விலை ஏறியது. கூடவே போலிகளும் முளைத்தன.

சாவி கொடுக்கும் வாட்ச் எப்படி ஓடுகிறது?

ரிப்பேர் கடையில் ஏமாறாமல் இருக்க இதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. சாவி கொடுக்கும்போது மெயின் ஸ்பிரிங் என்ற சுருள் இறுகுகிறது. அது மெல்லத் தளரும்போது வெளிப்படும் விசை பல் சக்கரங்கள் வழியாகப் பேலன்ஸ் வீலுக்குப் போகிறது. தலைமுடி போன்ற மெல்லிய ஹேர்ஸ்பிரிங் அந்தச் சக்கரத்தை இப்படியும் அப்படியும் ஒரே சீராக ஆட வைக்கிறது. நமக்குக் கேட்கும் 'டிக் டிக்' அந்த ஆட்டத்தின் சத்தம்தான்.

ஜனதாவில் இருக்கும் 0231 என்ற மெஷின் மணிக்கு 18,000 முறை, அதாவது விநாடிக்கு 5 முறை துடிக்கும். ஒரு நாளைக்கு 4,32,000 துடிப்புகள். இவ்வளவு ஆட்டத்தையும் தாங்கும் இடங்களில் தேய்மானம் குறைய, செயற்கை மாணிக்கக் கற்களைப் பதிக்கிறார்கள். டயலில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பது அதைத்தான். அந்தக் கற்கள் நகைக் கடையில் விலை போகாது. 'உள்ளே மாணிக்கம் இருக்கு' என்று யாராவது விலையை ஏற்றினால் நம்ப வேண்டாம்.

இப்படி ஓடும் பழைய வாட்ச் ஒன்று நாளுக்கு அரை நிமிடம் முன்னே பின்னே போவது பெரிய குறையல்ல. ஒரு நாளில் 86,400 விநாடிகள் இருக்கின்றன. அதில் 30 விநாடி என்பது 0.04 சதவீதத்தைக்கூடத் தொடாது.

நல்ல சர்வீஸ் என்றால் என்ன?

உள்ளே போட்ட எண்ணெய் வருடக்கணக்கில் உலர்ந்து பிசினாகிவிடும். அதன்பின் ஓடவிட்டால் பாகங்கள் தேயும். அதனால்தான் ஓடிக்கொண்டிருக்கும் வாட்ச்சுக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்வீஸ் தேவைப்படுகிறது. முறையான சர்வீஸில் மெஷினை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் கழுவி, உலர்த்தி, பூட்டி, குறிப்பிட்ட இடங்களில் மட்டும் ஊசிமுனை அளவு எண்ணெய் வைப்பார்கள்.

சில கடைகளில் நடப்பது வேறு. பிரிக்காமலே மெஷினைப் பெட்ரோலில் முக்கி எடுத்து ஊதிக் கொடுத்துவிடுவார்கள். 'ஓடுதே சார்' என்பார்கள். ஓடும்தான். அழுக்கு இளகியதால் சில வாரம் நன்றாகவே ஓடும். ஆனால் இருந்த எண்ணெயும் போய்விட்டதால், உலோகம் உலோகத்தோடு உரசித் தேயத் தொடங்கும். 'முழுக்கப் பிரிச்சுச் செய்வீங்களா?' என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

டைம்கிராஃபர் என்ற சிறிய கருவி இருக்கிறதா என்றும் பாருங்கள். வாட்ச்சின் துடிப்பைக் கேட்டு, நாளுக்கு எத்தனை விநாடி தவறுகிறது, பேலன்ஸ் வீல் எத்தனை பாகை ஆடுகிறது என்பதை அது காட்டும். முழுச் சாவி கொடுத்த, நல்ல நிலையில் உள்ள மெஷின் பொதுவாக 270 முதல் 300 பாகை வரை ஆடும். 200க்கும் கீழே இறங்கினால் வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடங்கள் வேகமாக ஓடினால் பதற வேண்டாம். ஸ்பீக்கர், போன் கவரில் உள்ள காந்தம் போன்றவற்றால் ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கலாம். காந்தம் நீக்கும் கருவியில் சில விநாடிகளில் சரியாகிவிடும்.

ரீடயல், 'மும்பை ஸ்பெஷல்' என்கிறார்களே, அது என்ன?

பழைய டயலின் மேற்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வண்ணம் பூசி, பெயரையும் எண்களையும் மறுபடி அச்சடிப்பதுதான் ரீடயல். அதோடு கேஸைப் பாலிஷ் போட்டு, முலாம் பூசி, வேறு வாட்ச்சின் முள்களை மாட்டி விற்கப்படுவதைச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்கிறார்கள். பல வாட்ச்களின் பாகங்களை ஒட்டிச் செய்ததென்றால் அதற்குப் பெயர் 'ஃபிராங்கன் வாட்ச்'. எச்எம்டி பைலட், சீகோ 5, பழைய சுவிஸ் வாட்ச்கள் இதில் அதிகம் சிக்குகின்றன.

சரி, டயலைப் புதுசாக்கினால் என்ன தப்பு? உங்கள் வாட்ச், உங்கள் விருப்பம் என்றால் தப்பே இல்லை. தண்ணீர் இறங்கி எழுத்தே அழிந்துபோன டயலுக்கு வேறு வழியும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் இரண்டு விஷயங்களை மனதில் வைக்க வேண்டும்.

ஒன்று, சுரண்டிய டயல் திரும்ப வராது. சேகரிப்பாளர்கள் விலை கொடுப்பது பெரும்பாலும் அந்த அசல் டயலுக்குத்தான். 2017 அக்டோபரில் நடிகர் பால் நியூமன் கட்டிய ரோலெக்ஸ் டேடோனா நியூயார்க் ஏலத்தில் சுமார் 1.78 கோடி டாலருக்குப் போனது. அவர் கட்டியது என்பது முக்கியக் காரணம். ஆனால் அதே வகை டயல் கொண்ட மற்ற டேடோனாக்களும் சாதாரண டயல் கொண்டவற்றைவிடப் பல மடங்கு விலை போகின்றன. மெஷின் ஒன்றுதான். வித்தியாசம் டயலில் இருக்கிறது.

இரண்டு, ரீடயல் செய்ததை 'ஒரிஜினல்' என்று சொல்லி விற்கும்போது அது ஏமாற்று வேலையாகிவிடுகிறது.

மாற்றி அமைப்பது குற்றமா?

வாட்ச்சின் டயல், முள், கண்ணாடி, வளையம் ஆகியவற்றை மாற்றித் தனக்குப் பிடித்த மாதிரி அமைத்துக்கொள்வது உலகம் முழுக்க ஒரு பொழுதுபோக்காக வளர்ந்திருக்கிறது. சீகோ வாட்ச்கள் இதற்குப் பேர்போனவை. சீகோ குழுமத்தின் என்எச்35 என்ற ஆட்டோமேட்டிக் மெஷின் தனியாகவே கிடைப்பதால், அதைச் சுற்றி ஒரு பாகச் சந்தையே உருவாகிவிட்டது. பாகங்களை வாங்கிப் பூட்டி நீங்களே கட்டிக்கொண்டால் யாருக்கும் பிரச்சினை இல்லை. விற்கும்போதுதான் கேள்வி வருகிறது.

இதைப் பற்றி அமெரிக்க நீதிமன்றங்களின் இரண்டு தீர்ப்புகள் கவனிக்கத்தக்கவை. வோர்டிக் என்ற சிறு நிறுவனம், பழைய ஹாமில்டன் பாக்கெட் கடிகாரங்களின் மெஷின்களைப் பழுது பார்த்து, கைக்கடிகாரமாக்கி விற்றது. ஹாமில்டன் வழக்குப் போட்டது. எது பழைய பாகம், எது தாங்கள் செய்தது என்பதை வோர்டிக் வெளிப்படையாகச் சொல்லியிருந்தது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வோர்டிக் பக்கமே நின்றது. மாறாக, அசல் அல்லாத பாகங்கள் பொருத்திய வாட்ச்களை ரோலெக்ஸ் என்றே விற்ற பெக்கர்டைம் என்ற நிறுவனம் வர்த்தகக் குறியை மீறியது என்று 2024இல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இவை இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கோடு எங்கே விழுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன: செய்ததை மறைக்காமல் சொன்னாரா, இல்லையா?

'ஃபர்ஸ்ட் காப்பி' வாங்கினால் என்ன?

வேறொரு நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் அனுமதியின்றி அச்சடித்து விற்பதுதான் போலி. 'ஃபர்ஸ்ட் காப்பி', 'மாஸ்டர் காப்பி', 'ரெப்ளிகா' என்று எந்தப் பெயரில் விற்றாலும் சட்டத்துக்கு எல்லாம் ஒன்றுதான். பிரபல வாட்ச்சின் சாயலில், ஆனால் சொந்தப் பெயரில் வருபவை வேறு ரகம். அவற்றை 'ஹோமாஜ்' என்பார்கள். காப்புரிமைக் காலம் முடிந்த மெஷினின் வடிவமைப்பைப் பார்த்து இன்னொரு நிறுவனம் மெஷின் செய்வதும் போலி ஆகாது.

வர்த்தகக் குறிகள் சட்டம், 1999இன் 103, 104ஆம் பிரிவுகள்படி பொய்யான வர்த்தகக் குறி இடுவதும், அப்படிப்பட்ட பொருளை விற்பதும், விற்பதற்காக வைத்திருப்பதும் குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இந்தப் பிரிவுகள் குறிவைப்பது செய்பவரையும் விற்பவரையும்தான், கையில் கட்டியிருப்பவரை அல்ல. ஆனால் போலி என்று தெரிந்தே வாங்கிக் கட்டிவிட்டு, பிறகு இணையத்தில் விற்கப் போட்டால் நீங்களும் விற்பவர்தான்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. போலி வாட்ச் பழுதானால் அந்தப் பெயருக்குரிய சர்வீஸ் சென்டர் அதை எடுக்காது. பாகங்களும் சுலபமாகக் கிடைக்காது.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

• பின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டயலில் உள்ள பெயருக்கும் ஜுவல் எண்ணிக்கைக்கும் மெஷினில் பொறித்திருப்பது பொருந்த வேண்டும். மறுத்தால் நடையைக் கட்டலாம்.

• டயல் எழுத்தை லென்ஸில் பாருங்கள். அசல் அச்சு கூர்மையாக இருக்கும். ரீடயலில் ஓரம் கசியும், எழுத்து இடைவெளி கோணும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராக வராது.

• எல்லாப் பாகமும் ஒரே வயதில் இருக்கின்றனவா? கேஸ் தேய்ந்திருக்க டயல் மட்டும் நேற்று செய்தது போல மின்னினால் சந்தேகப்படுங்கள்.

• அதே மாடலின் பழைய விளம்பரம், நிறுவன விலைப்பட்டியல் படங்களோடு ஒப்பிடுங்கள். அதில் எங்குமே காணாத பளீர் ஆரஞ்சும் பச்சையும் அநேகமாகப் பிறகு பூசியவை.

• திருகுகளின் தலை சிதைந்திருந்தால், பழகாத கை உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள்.

• மாற்றிய பாகங்களைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். போலியை அசல் என்று சொல்லி விற்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் கடைக்காரர் மீது புகார் செய்யலாம். அதற்கு அந்தப் பில்தான் முக்கிய ஆதாரம்.

வீட்டில் இருக்கும் வாட்ச்சை என்ன செய்வது?

நின்றுபோன வாட்ச்சுக்கு அடிக்கடி சாவி கொடுத்துப் பார்க்காதீர்கள். ஈரம் படாமல் வையுங்கள். ரப்பர் வளையங்கள் இற்றுப்போயிருக்கும் என்பதால், 'வாட்டர் ப்ரூஃப்' என்று எழுதியிருந்தாலும் தண்ணீரில் காட்டக் கூடாது. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது 'மெஷினை மட்டும் பாருங்க, டயலையும் கேஸையும் தொடாதீங்க, மாத்துற பழைய பாகத்தைத் திருப்பித் தாங்க' என்று சொல்லிவிடுங்கள். கொடுக்கும் முன் மெஷினையும் டயலையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. 1960களுக்கு முந்தைய, இருட்டில் ஒளிரும்படி செய்த வாட்ச்களில் முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் கலந்த பூச்சு இருக்கலாம். இப்போது ஒளிரவில்லை என்பதால் கதிரியக்கம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஒளி தரும் ரசாயனம்தான் செத்திருக்கும். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். கண்ணாடி மூடியிருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. ஆனால் வீட்டில் திறந்து அந்தப் பூச்சைச் சுரண்டினால் தூள் மூச்சோடு உள்ளே போகும். அமெரிக்காவில் ரேடியம் பூசும் வேலை செய்த பெண்கள் பலர் நோயுற்று இறந்த வரலாறு இதன் பின்னால் இருக்கிறது. அத்தகைய வாட்ச்சைத் திறக்காமல், விஷயத்தைச் சொல்லி அனுபவம் உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள்.

பழைய வாட்ச்சின் மதிப்பு அது சரியான நேரம் காட்டுவதில் மட்டும் இல்லை. அதற்குக் கையில் இருக்கும் போனே போதும். எந்தப் பாகம் எப்போது வந்தது, யார் கையில் இருந்தது என்ற விவரமும் சேர்ந்ததுதான் அந்த மதிப்பு. வாங்குவதானாலும் விற்பதானாலும் அந்த விவரத்தை எழுத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.