பூனைக்குட்டியா, குரங்குக்குட்டியா? இறையருள் பற்றிய ஒரு பழைய வாதம்



"நேந்துக்கிட்டதைச் செய்யலன்னா சாமி கோவிச்சுக்கும்." தைப்பூசம் நெருங்கும்போது ஜொகூரில் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. அதே வீட்டில் "அம்மா எப்பவும் நம்மைக் கைவிட மாட்டா" என்றும் சொல்வார்கள். அப்படியானால், கடவுளின் அன்பு நாம் கட்டளைப்படி நடந்தால்தான் கிடைக்குமா, நடக்காவிட்டாலும் கிடைக்குமா? தமிழகத்து வைணவர்கள் இந்தக் கேள்வியைப் பல நூற்றாண்டுகள் விவாதித்திருக்கிறார்கள்.

பின்னணி

இராமானுசருக்குப் பின் அவர் வழிவந்த ஆசாரியர்களிடையே கருத்து வேறுபாடு வளர்ந்தது. திருவரங்கத்தில் பிள்ளை லோகாசாரியர் 'ஸ்ரீவசனபூஷணம்' எழுதினார். காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் (1268–1369) 'ரகஸ்யத்ரயசாரம்' எழுதினார். இருவருமே இராமானுசரைத்தான் குருவாகப் போற்றினார்கள். சரணாகதி முக்கியம் என்பதிலும் இருவருக்கும் உடன்பாடுதான்.

சரி, அப்புறம் எங்கே முரண்பாடு?

இரு தரப்பு வாதம்

குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டி எதுவும் செய்வதில்லை, தாயே கவ்விக்கொண்டு போகும். முதல் உவமை வடகலைக்கும் இரண்டாவது தென்கலைக்கும் பின்னாளில் வழங்கலாயின. நினைவில் வைக்க எளிது, ஆனால் வாதம் இதைவிட ஆழமானது.

தேசிகர் பக்கத்து நியாயம் இது: எந்தக் காரணமும் இல்லாமல் இறைவன் அருள்வான் என்றால், எல்லாருக்கும் இப்போதே ஏன் அருளவில்லை? சிலரை மட்டும் காப்பது பாரபட்சம் ஆகிவிடாதா? ஆகவே மனிதன் தரப்பிலிருந்து ஒரு சிறு 'வியாஜம்', அதாவது ஒரு சாக்கு, வேண்டும். அது அருளுக்குக் கொடுக்கும் விலையல்ல.

லோகாசாரியர் பக்கத்து நியாயம் வேறு: "நான் சரணடைந்தேன், அதனால் காப்பாற்றினான்" என்று சொன்னாலே அது வியாபாரம் ஆகிவிடும். வழியாக இருப்பவன் இறைவன் மட்டுமே. நாம் செய்வது அவன் அருளைத் தடுக்காமல் இருப்பது, 'விலக்காமை', அவ்வளவுதான். பசு தன் கன்றின் மேலுள்ள அழுக்கை விரும்பி நக்குவதுபோல, இறைவன் அடியாரின் குற்றத்தையும் இனியதாகக் கொள்கிறான் என்பது தென்கலைக் கருத்து. வடகலையாரோ, குற்றத்தை அவன் பாராமல் விடுகிறான், அதை விரும்புவதில்லை என்பார்கள்.

இராமாயணச் சான்று

வீடணன் அடைக்கலம் கேட்டு வந்த பிறகே இராமன் ஏற்றான். அசோகவனத்து அரக்கியரோ சீதையிடம் கேட்கவே இல்லை. ஆனாலும் அனுமன் அவர்களைத் தண்டிக்க முனைந்தபோது சீதை தடுத்தாள். இதனால் இராமனைவிடச் சீதையின் கருணை பெரிது என்று கூரத்தாழ்வாரின் மகன் பராசர பட்டர் பாடினார். தென்கலையாருக்கு இது பலமான சான்று. மறுதரப்பு விடுமா? சீதையிடம் அடைக்கலம் கேளுங்கள் என்று திரிசடை அரக்கியருக்குச் சொன்னதை எடுத்துக்காட்டி, அங்கேயும் ஒரு வியாஜம் இருந்தது என்றார்கள்.

வாதத்தின் பின்னால் இருந்த வாழ்க்கை

இதையெல்லாம் நிம்மதியாக உட்கார்ந்து பேசிய காலம் அல்ல அது. 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது லோகாசாரியர் நம்பெருமாள் திருமேனியை எடுத்துக்கொண்டு தெற்கே போய், வழியிலேயே மறைந்தார் என்றும், தேசிகர் 'சுருதப்பிரகாசிகை' உரைச் சுவடிகளைக் காத்தார் என்றும் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. கொள்கையில் வேறுபட்ட இருவரும் ஒரே மரபைக் காக்கத்தான் உயிரைப் பணயம் வைத்தார்கள்.

மணவாள மாமுனிகள் (1370–1443) ஸ்ரீவசனபூஷணத்திற்கு உரை எழுதினார். அவருக்குப் பின்வந்த காலத்தில் பிரிவு இறுகியது. அருளைப் பற்றிய கேள்வி, எந்த நாமம் இடுவது, கோயிலில் யார் முதலில் ஓதுவது என்ற சண்டையாகச் சுருங்கி, காஞ்சிபுரம் வரதராசர் கோயில் விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

தேர்வு மாணவர்கள் கவனிக்க

1. வடகலை என்றால் வடமொழி மட்டும், தென்கலை என்றால் தமிழ் மட்டும் என்று எழுதாதீர்கள். இரு பிரிவுமே வடமொழி வேதத்தையும் ஆழ்வார் பாசுரங்களையும் ஏற்கின்றன. தேசிகர் தமிழிலும் பாடியிருக்கிறார்.
2. தென்கலையில் ஒழுக்கம் தேவையில்லை என்பதும் தவறு. அங்கே நல்லொழுக்கமும் தொண்டும் அருளைப் பெறுவதற்கான கட்டணம் அல்ல, அருளைப் பெற்றவன் மகிழ்ந்து செய்யும் கைங்கர்யம்.
3. கிறித்தவத்திலும் 5ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீனுக்கும் பெலாகியுசுக்கும் இதையொத்த வாதம் நடந்தது. ஒப்பிட்டு எழுதலாம்.

வகுப்பறைக்கு

இந்த வாதத்தின் பயன் கோயிலோடு நிற்பதில்லை. வீட்டுப்பாடம் செய்து வரும் பிள்ளையிடம் மட்டும் அன்பு காட்டினால், அந்த அன்பு சம்பளம் மாதிரி ஆகிவிடும். எதுவும் கேட்காமலேயே விட்டுவிட்டால், பிள்ளை முன்னேறாது. தேசிகர் நம்மிடம் "பிள்ளையும் கொஞ்சம் கை நீட்டட்டும்" என்பார். லோகாசாரியர், "கை நீட்டத் தெரியாத பிள்ளையை என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்பார். பின்தங்கிய மாணவர் ஒருவராவது இருக்கும் வகுப்பில், இரண்டாவது கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

கலந்துரையாட: நேர்த்திக்கடன் என்பது விலையா, நன்றியா? காரணம் காட்டி விளக்குக.