புதுவையின் திண்ணைகளும் வகுப்பறைகளும்

புதுவை நகரில் கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதியில் பழைய வீடுகள் சில இன்னும் திண்ணையும் தாழ்வாரமுமாகத் தெருவை நோக்கி நிற்கின்றன. கால்வாயைக் கடந்து கடற்கரைப் பக்கம் சென்றால், பிரெஞ்சுக்காரர் கட்டிய இல்லங்களும் அலுவலகங்களும் உயர்ந்த மதிலுக்கும் பெருங்கதவுக்கும் பின்னே ஒதுங்கியிருக்கும். ஒன்று தெருவோடு பேசும் கட்டடம்; மற்றொன்று தெருவுக்கு முதுகு காட்டும் கட்டடம். இவ்வூர்ப் பிள்ளைகள் இருவகை இடங்களிலும் படித்தவர்கள். படிக்கும் இடமும் படிப்பிக்கும் முறையும் பிள்ளையின் நடத்தையை எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை ஆராயப் புதுவையைப்போல் வாய்ப்பான ஊர் அரிது.

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைச் சேர்க்கும்போது, 'கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்' என்று வாத்தியாரிடமும், ஓதிக்கொடுக்கும் லெப்பையிடமும் சொல்லிவிட்டு வருவோம். அந்தக் காலத்தில் பிரம்பு இருந்தது, படிப்பும் இருந்தது. இன்று பிரம்பு போயிற்று, ஒழுக்கமும் உடன் போயிற்று என்பதே அச்சொல்லுக்குப் பின்னால் நிற்கும் வாதம். இதனை வரலாற்றின் முன் நிறுத்திப் பார்ப்பது நம் கடமையாகும்.

திண்ணைப் பள்ளியில் பிரம்பு இருந்தது மெய்யே. பிரம்பு மட்டுமா? கைகளைக் கயிற்றில் பிணைத்து உத்தரத்தில் தொங்கவிடும் கோதண்டமும் இருந்தது. சென்னை மாகாணத்துப் பள்ளிகளைப் பற்றி ஆளுநர் தாமஸ் மன்றோ விவரம் கேட்டபோது, பல்லாரி கலெக்டர் காம்பெல் 1823 ஆகஸ்டில் ஓர் அறிக்கை அனுப்பினார். காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவது பிள்ளைக்குச் சுழி. மூன்றாவது பிள்ளைக்கு மெல்லிய ஓர் அடி. நான்காவது பிள்ளைக்கு இரண்டு. பின்னே வருவோருக்கு ஒவ்வோர் அடி கூடும் என்று அதில் எழுதினார். தமிழ்நாட்டுத் திண்ணைகளிலும் இதையொத்த ஏற்பாடு இருந்தது. முதலில் வந்தவனுக்கு 'வேத்தான்' என்று பெயர். கடைசியில் வந்தவன் நிலையை வாசகர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஒருநாள் தாமதித்தவன் மறுநாள் விரைந்து வந்திருப்பான்; அல்லது வராமலே இருந்திருப்பான்.

ஆனால் அதே திண்ணையில் இன்னொன்றும் இருந்தது. அதைப் பிரம்பின் ஓசையில் நாம் மறந்துவிட்டோம். திண்ணையில் 'வகுப்பு' என்பதே இல்லை. ஒருவன் மணலில் விரலால் அரிச்சுவடி எழுதுவான். பக்கத்திலிருப்பவன் ஆத்திசூடி ஒப்பிப்பான். மற்றொருவன் எண்சுவடியில் கீழ்வாய் இலக்கத்தில் இருப்பான். அவனவன் பாடத்தை ஆசிரியரோ சட்டாம்பிள்ளையோ தனித்தனியே கேட்பார்கள். நம்முடைய ஓதும் பள்ளிகளின் அமைப்பும் இதுவே. ஒரு பிள்ளை அலிஃப், பே என்று எழுத்துக் கூட்டும். அடுத்தது அம்ம ஜுஸ்உ ஓதும். மூத்த பிள்ளை குர்ஆனைத் தமாம் செய்யும் தறுவாயில் இருக்கும். நேற்றைய பாடம் ஒப்பித்தபின்னரே இன்றைய பாடம். மந்தமானவன் மெல்ல நடந்தான், கூர்மையானவன் ஓடினான். இருவரையும் ஒரே கயிற்றில் கட்டி இழுக்கும் நிலை அங்கே இல்லை.

இதன் அருமையை முதலில் உணர்ந்து உலகுக்குச் சொன்னவர் ஒரு வெள்ளையர் என்பது வியப்பு. ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்மக்களுக்கான அநாதை விடுதியின் கண்காணிப்பாளரானார். ஒருநாள் காலை குதிரையில் சென்றபோது, நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் எழுதுவதைக் கண்டார். தம் விடுதியிலும் அவ்வாறே செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. எட்டு வயதான ஜான் பிரிஸ்கன் என்னும் மாணவனிடம் சிறுவர்களை ஒப்படைத்தார், வேலை நடந்தது. தவறிழைத்தவர் பெயரைக் கறுப்புப் புத்தகம் ஒன்றில் பதிந்து, மாணவர்களையே நடுவர்களாக்கி விசாரிக்கும் வழக்கத்தையும் ஏற்படுத்தினார். தண்டனைக்குத் தேவை அரிதாயிற்று. இம்முறையை விளக்கி அவர் எழுதிய நூல் 1797-இல் இலண்டனில் வெளிவந்தது. நம் சட்டாம்பிள்ளை அங்கே 'மானிட்டர்' என்ற பெயரில் புகழ்பெற்றான்! இங்கிலாந்தில் இதே வழியைப் பின்பற்றிய ஜோசப் லங்காஸ்டரோ, பிரம்பை வெறுத்தவராயினும், குற்றம் செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைப் பூட்டினார். கூடையிலிட்டுக் கூரையில் தொங்கவிட்டார். பிரம்பை எடுத்துவிட்டு இழிவை வைத்தால் பிள்ளைக்கு என்ன இலாபம்?

இதைப் பற்றி நம் முன்னோர் சிந்திக்காமல் இல்லை. தூனிஸில் பிறந்த வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், ஹிஜ்ரி 779-இல், அதாவது கி.பி. 1377-இல் எழுதிய 'முகத்திமா'வில், மாணவரிடம் கடுமை காட்டுவதால் வரும் கேட்டுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். அடக்குமுறையில் வளரும் பிள்ளையின் உள்ளம் சுருங்கிவிடும். ஊக்கம் போய்ச் சோம்பல் வரும். கைக்கு அஞ்சிப் பொய் சொல்லவும் ஏமாற்றவும் கற்கும். நாளடைவில் அதுவே குணமாகிவிடும் என்பது அவர் கருத்து. தண்டனையே கூடாதென்று அவர் சொல்லவில்லை. மூன்று அடிக்கு மேற்படக் கூடாதென்ற சட்ட அறிஞர் கூற்றையும் எடுத்துக் காட்டுகிறார். ஆயினும், பிள்ளையின் பொய்யைப் பிள்ளையின் பிறவிக் குணமாகக் கருதாமல், கற்பித்த முறையின் விளைவாகக் கண்டார் பாருங்கள், அங்கேதான் அவர் நம் காலத்தவராக நிற்கிறார். பாடத்தைப் படிப்படியாக, மும்முறை சுற்றிவந்து கற்பிக்க வேண்டும் என்றும் அதே நூலில் வற்புறுத்துகிறார்.

இனிப் பிரெஞ்சு வகுப்பறைக்கு வருவோம். பெல், லங்காஸ்டர் ஆகியோரின் முறை 1815-இல் பாரிசில் தொடங்கப்பெற்ற ஒரு கல்விச் சங்கத்தின் வாயிலாகப் பிரான்சில் பரவி, சில பத்தாண்டுகளில் தேய்ந்தது. அதை வென்றது லசால் பாதிரியாரின் சபையார் வளர்த்த முறை: எல்லாப் பிள்ளைகளும் ஒரே நூலை, ஒரே பக்கத்தை, ஒரே நேரத்தில், அமைதியாகப் படிப்பது. இன்று நாம் வகுப்பு என்று அழைப்பது அதைத்தான். புதுவையில் ஆளுநர் தெபசேன் தெ ரிஷ்மோன் 1826-இல் ஒரு கல்லூரியைத் திறந்தார். தொடக்கத்தில் ஐரோப்பியர் பிள்ளைகளுக்கென அமைந்த அதுவே இன்றுள்ள பிரெஞ்சு லிசேயின் மூலம்.

பிரான்சின் பள்ளி ஒழுங்குவிதிகள் 1887-இலேயே உடல் தண்டனையை அறவே விலக்கின. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அச்சம் வகுப்பறையை விட்டுப் போய்விடவில்லை. கையிலிருந்து தாளுக்கு மாறியது. பிரெஞ்சுத் தொடக்கக் கல்விச் சான்றிதழ்த் தேர்வில் சொல்வதெழுதுதலில் ஐந்து பிழைகள் வந்தால் மதிப்பெண் பூச்சியம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை இத்தகைய தேர்வுக்கு ஆயத்தமாகும்போது என்ன கற்கும்? வாயைத் திறந்தால் பிழை வரும் என்பதை முதலில் கற்கும். அடியில்லாத அந்த அமைதியை ஒழுக்கம் என்று எண்ணி மகிழ்ந்தவர் பலர்.

இரண்டு உலகையும் கண்டவர் ஒருவர் இவ்வூரில் இருந்தார். 1891-இல் இங்கே பிறந்த கனக. சுப்புரத்தினம், திருப்புளிசாமி ஐயாவின் திண்ணைப் பள்ளியில் தொடங்கி, கல்வே கல்லூரியில் தமிழ் பயின்று, 1909-இல் காரைக்கால் பகுதியின் நிரவியில் அரசுத் தமிழாசிரியரானார். 1946-இல் ஓய்வு பெற்றார். பாரதிதாசனாக அவரை நாடறியும். 37 ஆண்டுகள் பிள்ளைகள் முன் நின்ற வாத்தியாராக அறிந்தவர் சிலரே. அவர் குருவான பாரதியாரும் 1908 முதல் 1918 வரை இந்நகரில் வாழ்ந்த காலத்தில்தான் தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தி எழுதினார். குழந்தைக்கான பாட்டிலும் படிப்போடு ஓட்டத்தையும் ஆட்டத்தையும் வைத்தார்.

மூன்றாவது அறை பின்னர் திறந்தது. 1910-இல் புதுவைக்கு வந்த அரவிந்தர், அவ்வாண்டை ஒட்டி எழுதிய கல்விக் கட்டுரைகளில், ஆசிரியர் துணைவரேயன்றி வேலை வாங்குபவர் அல்லர் என்ற கொள்கையை வகுத்திருந்தார். உலகப்போர்க் காலத்தில் ஆசிரமத்துக்குக் குடும்பங்கள் வந்து சேர, அன்னை 1943 டிசம்பர் 2-ஆம் நாள் சுமார் 20 பிள்ளைகளுடன் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் அது பல்கலைக்கழக மையமாக விரிந்தது. பிள்ளைகளை அடிப்பது அங்கே தடுக்கப்பட்டது. அவரவர் வேகத்தில் முன்னேறுவதற்கு 'சுதந்திர வளர்ச்சி' என்று பெயரிட்டார்கள். பட்டமும் சான்றிதழும் வழங்குவதில்லை. அடியை நீக்கிவிட்டுப் பார்த்தால், திண்ணையிலும் ஓதும் பள்ளியிலும் இருந்த தனிப்பாடம்தானே இது! ஆனால், ஊதியம் வாங்காத ஆசிரியர்கள் பலரும், சிறு குழுக்களும், நோக்கத்தை ஏற்ற பெற்றோரும் வாய்த்த இடம் அது. சான்றிதழை நம்பி வேலை தேட வேண்டிய எளிய வீட்டுப் பிள்ளைக்கு அதை அப்படியே எடுத்து வைக்க இயலாது.

ஆக, முன்னோர் பிரம்பால் கற்றார்கள் என்பதை நாம் ஏற்பதற்கில்லை. பிரம்பு இருந்தும், ஒவ்வொருவர் பாடத்தையும் ஒருவர் உட்கார்ந்து கேட்டதால் கற்றார்கள்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அச்சட்டமே தொடக்கப் பள்ளிகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று கணக்கிடுகிறது. 45 நிமிடப் பாடவேளையில், ஆசிரியர் வேறொன்றும் செய்யாவிட்டாலும், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். திண்ணை வாத்தியார் இக்கணக்கைச் சட்டாம்பிள்ளையைக் கொண்டு சமாளித்தார். நம் வீடுகளில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு மஃரிபுக்குப்பின் பாடம் கேட்கும் பழக்கம் இன்னும் முழுவதும் மறைந்துவிடவில்லை.