விதை வெங்காயமும் வெங்காய விதையும்

பெல்லாரியை விதை போட்டு, நாத்து விட்டு, பிடுங்கி நடுவார்கள். தெரிந்த விஷயம்தான். சின்ன வெங்காயத்தின் கதையே வேறு. நம்மூர் நாட்டு ரகங்கள் லேசில் பூத்து விதை கட்டாது. அதனால் தலைமுறை தலைமுறையாக வெங்காயத்தையே விதையாக நட்டு வந்தோம்.

ஏக்கருக்கு எவ்வளவு தெரியுமா? சுமார் 600 கிலோ! சிக்கலே இங்கேதான். சந்தையில் விலை ஏறினால் விதை வெங்காயமும் கூடவே ஏறும். நாலு காசு பார்க்க வேண்டிய வருஷத்தில் சிறு விவசாயி நட முடியாமல் நிற்பார்.

2001-இல் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ-5 ரகத்தை வெளியிட்டது. தாராளமாகப் பூத்து விதை கட்டும் சின்ன வெங்காயம். ஏக்கருக்கு ஓரிரண்டு கிலோ விதை போதும். மேட்டுப்பாத்தியில் விதைத்து, 40, 45 நாளில் நாத்தைப் பிடுங்கி நடலாம்.

இதிலும் பாடு உண்டு. நாற்றங்காலைக் கவனிக்கணும், நடவுக்கு ஆள் வேணும். விதையை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால் முளைப்பும் குறைந்துவிடும். பட்டறையில் சொந்தமாக வெங்காயம் சேர்த்து வைத்திருப்பவருக்குப் பழைய வழியே சௌகரியம். கையில் காசில்லாதவருக்கு? மூட்டை மூட்டையாக வாங்க வேண்டியதற்குப் பதில் ஒரு பொட்டலம். என்னைக் கேட்டால், மகசூலை விட இதுதாங்க அந்த ரகத்தின் பெரிய சாதனை.