துரைமாரின் பழைய தமிழ்க் கைநூல்கள் இன்று எதற்கு?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் பழைய பேச்சைத் தேடுவோருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, வெள்ளைக்காரத் துரைமார் தமிழ் பழகிய கைநூல்களைத்தான். டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய 'கூலித் தமிழ்' 1915இல் வெளிவந்தது. சின்னத்துரைமாருக்கான 'இங்கே வா' அதற்கும் முந்தியது.

இன்றைய கைபேசி அகராதிக்குத் 'துண்டு' என்றால் துவாய், அல்லது சிறு பகுதி. தோட்டத்திலோ அது தொழிலாளியின் கடன் சீட்டு. அந்தக் கடனைப் புதிய தோட்டம் ஏற்றால்தான் அவர் இடம் மாறலாம். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. காலையில் ஆள் கணக்கெடுப்பது 'பிரட்டு'. ஒரு நாள் வேலைக் கணக்கு 'பேர்'. இந்தச் சொற்கள் விளங்காமல் பழைய செக்ரோலை வாசிக்க முடியாது.

ஆனால் இவை துரைமாருக்காக எழுதப்பட்டவை. 'இங்கே வா' என்ற தலைப்பிலேயே மரியாதை இல்லை. தொழிலாளியின் பக்கத்தை நம் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

1977, 1981, 1983 வன்முறைகளுக்குப் பின் சப்ரகமுவவிலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்கள் பல. கடதாசிகள் எரிந்தன, தொலைந்தன. பேச்சு மட்டும் கூடவே போனது. பின்னர் வன்னியிலும் போர் அவர்களை விடவில்லை.

அப்படி ஒரு அம்மாயியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் தரும் விளக்கத்தைக் கைபேசியில் குரலாகப் பதியுங்கள். தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் சேர்த்து எழுதி வையுங்கள். கைநூலில் இல்லாத மறுபாதி அதுதான்.