கலர் கோழிக்குஞ்சும் யாருக்கும் வேண்டாத சேவலும்

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கலர் கோழிக்குஞ்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சைக்கிள் கேரியரில் பெரிய கூடை. உள்ளே ரோஸ், பச்சை, ஊதா என்று கீச்சுக்கீச்சென்று குஞ்சுகள். சில ரூபாய் கொடுத்தால் ஒன்று கைக்கு வரும். பழைய இரும்பு, பிளாஸ்டிக்குக்கும் கொடுப்பார்கள்.

ஓர் உயிர் ஏன் அத்தனை மலிவாகக் கிடைத்தது? அவை பெரும்பாலும் சேவல் குஞ்சுகள் என்பதுதான் பதில். அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

பழைய கொங்கு வீட்டு வாசலில் கொடாப்புக்குள் (கோழியை அடைக்கும் கூடை) இருந்த சேவலுக்கு ஏகப்பட்ட வேலை. பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும்தான். ஆனால் மிச்சச் சேவல்கள் வீணாகவில்லை. விருந்தாளி வந்தால் குழம்பு, கைச்செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் சந்தை, வேண்டுதல் இருந்தால் சாமிக்கு நேர்ந்து விடுவது, வீரியமான பெருவிடை என்றால் சேவல் கட்டு. எல்லாமே சேவலுக்கு நல்ல முடிவு என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது.

சட்டம் இதில் இரண்டு இடங்களில் கை வைத்தது. 1960-ன் மிருகவதைத் தடைச் சட்டம் விலங்குகளைச் சண்டைக்கு விடுவதைக் குற்றமாக்கியது. கோயில்களில் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் 1950-லேயே வந்திருந்தாலும் 2003-ல்தான் கறாராக அமல்படுத்தச் சொல்லி உத்தரவு போட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பியதால் 2004-ல் அந்தச் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். ஆக, சட்டத்தால் சேவலின் மதிப்பு போய்விடவில்லை. போனது வியாபாரத்தால்!

இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தின் பெயரைக் கொண்ட வெள்ளை லெகார்ன் கோழி, முட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட இனம். அதன் வழி வந்த இன்றைய பண்ணைக்கோழி வருடத்துக்கு 300 முட்டை வரை இடும். கறிக்கென்று வேறு இனம் உருவானது. அது ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொடும். கொங்கு மண்டலமும் இப்படியே பிரிந்தது. நாமக்கல் முட்டைக்கு, பல்லடம் கறிக்கோழிக்கு! முட்டை இனத்துச் சேவல் இரண்டிலும் சேராது. முட்டை இடாது, ஒல்லியாக வளர்வதால் தின்னும் தீவனத்துக்கு ஏற்ற கறியும் தேறாது.

பொரிக்கும் குஞ்சுகளில் பாதி சேவல். 1920-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒருநாள் குஞ்சிலேயே ஆண், பெண் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து சேவலின் கதி பிறந்த அன்றே முடிவானது. பல நாடுகளில் அரைத்தோ, வாயு செலுத்தியோ கொன்றார்கள்.

இந்தப் பக்கம் முட்டைக்குத் தேவை ஏறிக்கொண்டே போனது. சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்த முட்டை, 2010-ல் வாரத்துக்கு ஐந்து ஆனது. ஏழைக் குழந்தைகளுக்கு அது பெரிய வரம், சந்தேகமே இல்லை. ஆனால் முட்டையிடும் ஒவ்வொரு பெட்டைக்கும் எங்கோ ஒரு சேவல் குஞ்சு பிறந்திருக்கிறது.

அதில் ஒரு பகுதிதான் சாயம் பூசிக்கொண்டு சைக்கிளில் ஏறியது. பொரித்த குஞ்சு, வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் கொண்டு இரண்டு மூன்று நாள் தாங்கும். அந்த அவகாசத்தில் விற்றுவிட வேண்டும். வாங்கிய வீட்டிலும் குளிர், காக்கை, பூனை என்று பெரும்பாலானவை போய்ச் சேர்ந்துவிடும். தப்பிய ஒன்றிரண்டு சாயம் போய் வெள்ளைச் சேவலாகி விடியற்காலையில் கூவ ஆரம்பிக்கும். லைன் வீட்டில் அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? மறுபடியும் ஆள் தேட வேண்டியதுதான். ஊரில் இருக்கும் பாட்டி வீடு, இல்லையென்றால் கோயில், அதுவும் இல்லையென்றால் குழம்புச் சட்டி.

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒரு காலத்தில் கூட்டுப்பொருளாக இருந்தது துணைப்பொருளாகி, கடைசியில் கழிவு ஆகிவிட்டது. கழிவை அகற்றும் செலவை முட்டை விலையில் யாரும் சேர்க்கவில்லை. சைக்கிள்காரரும், செத்த குஞ்சைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு அழுத குழந்தையும் அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் சேவல் குஞ்சுகளைக் கொல்வதைத் தடை செய்தது. அதற்கு முன் அங்கே வருடத்துக்குச் சுமார் 4.5 கோடி குஞ்சுகள் கொல்லப்பட்டன. அடைகாக்கும்போதே முட்டைக்குள் ஆணா பெண்ணா என்று பார்க்கும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. செலவு கொஞ்சம் கூடும். அந்தச் செலவை முட்டை வாங்குபவர் தருகிறார்.

நாட்டிலேயே முட்டை உற்பத்தியில் முன்னணியில் இருக்கும் மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. அதன் முட்டைக் கூடை நாமக்கல். அந்தக் கணக்கை இங்கேயும் ஒருநாள் போட்டுத்தானே ஆக வேண்டும்?