உள்ளூராட்சி அமைச்சர் திருச்செல்வம்

ஒருகொடவத்தை போன்ற கொழும்பின் ஓரப் பகுதிகளில் வடிகாலையும் குப்பையையும் பார்ப்பது உள்ளூராட்சி மன்றங்களின் வேலை. அவற்றுக்குப் பொறுப்பான அமைச்சராக 1965இல் ஒரு தமிழ் வழக்கறிஞர் பதவியேற்றார்: மு. திருச்செல்வம்.

சட்டமா அதிபர் திணைக்களத்தில் அரசுக்காக வாதாடி, சொலிசிட்டர் ஜெனரலாக உயர்ந்தவர் அவர். தேர்தலில் நின்று வென்றவர் அல்லர். தமிழரசுக் கட்சியின் சார்பில் செனட் சபை வழியாகப் பிரதமர் டட்லி சேனநாயக்காவின் அமைச்சரவைக்குள் வந்தார்.

டட்லியும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வாவும் செய்துகொண்ட டட்லி–செல்வா ஒப்பந்தம் உறுதியளித்த மாவட்ட சபைகளைச் சட்டமாக்குவதே அவருடைய பெரும் பணி. 1968இல் வெள்ளை அறிக்கை வெளிவந்தது. சொந்தக் கட்சிக்குள்ளும் வெளியிலும் எழுந்த எதிர்ப்புக்கு அஞ்சிய பிரதமர் அதைக் கைவிட்டார். நாட்டுக்கே நேர்ந்த இழப்பு அது.

அதே ஆண்டு திருகோணமலைக் கோணேசர் கோயில் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் ஒரு குழுவை நியமித்தார். பிரதமர் அதை நிறுத்தினார். திருச்செல்வம் பதவி விலகினார். பதவியைவிடத் தன் சொல்லைப் பெரிதாக மதித்த முடிவு அது.

1976இல், தமிழ் அரசியல் தலைவர் அமிர்தலிங்கம் முதலானோர் மீது நடுவர் குழுவின்றி நீதிபதிகள் மூவர் விசாரித்த ட்ரயல்-அட்-பார் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோருக்காக அவரும் வாதாடினார். அவ்வாண்டிலேயே காலமானார். அதிகாரப் பகிர்வுப் பணியைத் தொடர்ந்த அவர் மகன், அரசியலமைப்புச் சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம், 1999 ஜூலை 29 அன்று கொழும்பில் தற்கொலைத் தாக்குதலில் கொல்லப்பட்டார்.